காக்ஸ் இல்லாத படகு

1

இந்த முறை மெஷின் என் விரலை முதல் அழுத்தலிலேயே ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண்மணி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அடுத்த கை," என்றார். அதுவும் பச்சை. அவ்வளவுதான், வேலை முடிந்தது. எனக்கு எழுந்து போக மனமில்லை.

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம். வந்த புதிதில் இதே ஜன்னலுக்கு முன்னால், இதே பெண்மணியிடம் விரலை நீட்டினேன். சிவப்பு விளக்கு. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். சிவப்பு. கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னார். சிவப்பு. அப்போது என் விரல்களிலும் உள்ளங்கையிலும் காய்ப்புக் காய்த்துத் தோல் மரப்பட்டை மாதிரி இருக்கும். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். துடுப்பு போடுவதற்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல் என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் காட்டினேன். கிணற்றில் தண்ணீர் இறைத்தேன் என்று புரிந்துகொண்டிருப்பார் போல. முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.

"இங்கே என்ன வேலை?"

"ஏரியில் வேலை," என்றேன். ஏரிக்கரை ஆய்வகத்தில் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது ஏரித் தண்ணீருக்குள்ளே என்று.

"குளிராதா?" என்றார், உண்மையான கவலையோடு.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முசரவாக்கம். அங்கே ரேஷன் கடையில் என் அப்பாவின் விரலை மெஷின் இன்றுவரை ஒழுங்காக ஏற்பதில்லை. அப்பா கொத்தனார். ரேகையைச் சிமெண்டு தின்றுவிட்டது. கடைக்காரர், "இன்னாபா, திரும்ப சிவப்பு வருது," என்பார். அப்பா தன் விரலையே முறைத்துப் பார்த்து, "எனக்குத் தெரிஞ்ச வெரலுதான்பா, அதுக்குத்தான் என்னத் தெரியல," என்பார். அன்றைக்கு அந்த ஜன்னல் முன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நான் வெட்கப்படவில்லை. உழைத்த கை என்று மெஷினுக்கே தெரிகிறது என்றுதான் நினைத்தேன்.

இப்போது காய்ப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது. பேனாவும் விசைப்பலகையும் பிடிக்கிற கை. தங்கும் அனுமதி அட்டை தபாலில் வரும் என்றார் அந்த அம்மாள். இந்த முறை அதில் 'இந்தத் தேதி வரை' என்ற வேலை நிபந்தனை இருக்காது. வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். பந்தயம் முடிந்ததும் துடுப்பின்மேல் கவிழ்ந்து மூச்சு வாங்குவோமே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

இந்த அட்டை எனக்குக் கிடைக்காமல் போயிருக்கும். எப்படித் தப்பித்தது என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

என் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் போகவில்லை, அம்மாவும் போகவில்லை, அவர்களுக்கு முன்னால் எவரும் போகவில்லை. ஊரான் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இதை நான் எங்கேயும் சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன்.

படகுப் போட்டிக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஆறு பாலாறு. அதில் ஓடுவது மணல். ஓரிக்கைப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நடந்தே போய்விடலாம்; செருப்பைக் கழற்றுவதுகூட மணல் சுடாத காலத்தில்தான். இப்படிப்பட்ட இடத்தில் எட்டாம் வகுப்பில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். உயரம் அளந்தார்கள், கையை விரிக்கச் சொல்லி நுனியிலிருந்து நுனிவரை அளந்தார்கள். மாலையில் பி.டி. டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்க பொண்ணுக்குக் கை நீளம்," என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"யார் வூட்ல இன்னாத்த எட்த்தாளாம்?"

டீச்சர் விளக்கிச் சொல்லிச் சென்னைக்கு அனுப்ப ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் இருட்டிவிட்டது.

அம்மா அப்போது நெசவுக்காரர்களிடம் கூலி வேலை பார்த்தாள். விடிகாலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடித்து இழுக்கிற வேலை. முதல் விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்து, படகில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னால் போவோம், போகிற திசையைப் பார்க்கவே மாட்டோம் என்று சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"நாங்க பாவு இழுக்கச் சொல்லோகூட ஒரு கண்ணு பின்னாடி வெச்சிக்கினுதான்டி போவோம். மாடு வரும், பைக்கு வரும். நீ பாட்டுக்கு முதுவக் காட்டிக்கினு போறியே, முட்டிக்க மாட்ட?"

"காக்ஸ் பாத்துக்குவாம்மா."

"அது யாரு?"

காக்ஸ் என்பவள் துடுப்பு போட மாட்டாள். படகின் ஒரு முனையில் எங்களுக்கு எதிராக, போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள், குரல் கொடுப்பாள். எங்கள் நால்வர் படகுக்குக் காக்ஸ் நசீமா. வாலாஜாக்காரி. என் தோளுக்கு வருவாள், குரல் மட்டும் ஏரியின் அக்கரை வரை போகும். அவள் "இழு" என்றால் இழுப்போம். "ஈஸி ஓர்!" என்றால் அந்த நொடியே நிறுத்துவோம், இழுப்பின் பாதியில் இருந்தாலும் துடுப்பு அந்தரத்தில் நிற்கும்.

விடுதியில் முதல் நாள் கோச் சொன்ன விதி ஒன்றுதான். படகில் ஒருவர்தான் பேச வேண்டும். நாலு பேர் நாலு யோசனை சொன்னால் படகு வட்டம் போடும். கை கிழிந்தாலும், பக்கத்தில் பாம்பு நீந்தினாலும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பேச்சு, புறப்படுமுன் தயாராகிவிட்டதைச் சொல்ல அவரவர் இருக்கை எண்ணைச் சொல்வது. நான் மூன்றாவது இருக்கை. "த்ரீ!" என்பேன். அதோடு சரி.

அந்த ஒரு சொல்லோடு பள்ளிப் படிப்பு முடிந்தது, கல்லூரியும் தொடங்கியது. மாநிலப் பதக்கம் வந்தது, தேசியப் பதக்கமும் வந்தது. கல்லூரியில் இயற்பியல் படிக்க எனக்கு இடம் கிடைத்ததும் விளையாட்டால்தான்.

3

நான் எப்படி அறிவியலுக்கு வந்தேன் என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். சின்ன வயதில் நட்சத்திரம் பார்த்தேன் என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள் போல. நான் திட்டு வாங்கி வந்தவள்.

கோடையில் நாங்கள் பயிற்சி செய்யும் ஏரி வற்றும். அப்போதெல்லாம் படகு வேகம் குறையும். கோச் கரையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்துவார்: "மாம்பழம் தின்னுட்டுத் தூங்கறீங்களாடி? இழுங்க!" நாங்கள் உயிரைக் கொடுத்து இழுத்தோம். எனக்குத் தெரியும், அதே வலிமைதான், இன்னும் அதிகம்கூட. ஆனாலும் படகுக்கு அடியில் யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும்.

ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டு ஏரியின் ஆழத்தை அங்கங்கே அளக்க ஆரம்பித்தேன். கோச்சின் கடிகாரத்தில் வந்த நேரங்களைப் பக்கத்தில் எழுதினேன். தண்ணீர் ஆழம் குறையக் குறைய, படகு எழுப்பும் அலை தரையோடு மல்லுக்கட்டி, படகையே பின்னுக்கு இழுக்கிறது. கல்லூரி நூலகத்தில் தேடியபோது கப்பல்காரர்களுக்கு இது பழைய செய்தி என்று தெரிந்தது. எனக்குப் புதிது. அன்று நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். நாங்கள் சோம்பேறிகள் இல்லை! காகிதத்தில் இருக்கிறது!

கோச்சிடம் சொன்னது நான் இல்லை, நசீமா. "கோச், கொறை எங்க கையில இல்ல. ஏரியில இருக்குது. இவ அளந்து வெச்சிருக்கா பாருங்க." கோச் காகிதத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். "அப்ப நாளையிலேர்ந்து ஏரியத் திட்டறேன்," என்றார். நான் பின்னால் நின்றேன். நான் அளப்பேன், அவள் பேசுவாள். அந்த ஏற்பாடு எங்கள் இருவருக்குமே இயல்பாக இருந்தது.

படிப்பு முடிந்தபோது ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கள் இருவருக்கும் வேலை வந்தது. அதே சமயம் ஜெர்மனியில் ஒரு பெரிய ஏரியின் நீரோட்டத்தை ஆராயும் இடத்தில் முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்தது. நசீமா ரயில்வேக்குப் போனாள். நான் விமானம் ஏறினேன்.

அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "எல போட்டு சோறு வெச்சிட்டாங்க, நீ எழுந்து போறேன்னு நிக்கிற. ரயில்வேடி! ரிட்டயர் ஆவற வரைக்கும் யாராலயும் புடுங்க முடியாத வேல. ஏரிய அளக்கப் போறாளாம். நம்ம ஊர் ஏரிய அளக்கறவன் கூட கவர்மெண்டு ஆளுதான்."

அப்பா மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். வேலை செய்யும் வீடுகளில் யார் கேட்டாலும், ரசமட்டத்தைச் சுவரில் வைத்தபடியே சொல்வார்: "நான் செவுத்துக்கு மட்டம் பாக்கறேன். என் பொண்ணு ஜெர்மன்காரன் ஏரிக்கு மட்டம் பாக்குது."

4

இங்கே என் காலைகள் அழகானவை. சைக்கிளில் ஏரிக்கரையோரம் போவேன். குளிர்காலத்தில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும், இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி. ஆய்வகத்தில் காபி, தரவுகள், மறுபடி காபி. எங்கள் வேலை, ஏரியின் அடியில் குளிர்ந்த நீரும் மேலே சூடான நீரும் எப்போது கலக்கின்றன, எப்போது பிரிந்து நிற்கின்றன என்று பார்ப்பது. மீனின் மூச்சு அதில்தான் இருக்கிறது. நீளமான கயிற்றில் கருவிகளைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிட்டு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு. தம்பி மகன் கவினுக்கு நான் போனுக்குள் குடியிருப்பவள். "அத்த, உள்ள லைட்டு இருக்குதா?" என்பான். பிள்ளைகள் அந்நியமாவது வெளிநாட்டில்தான் என்று எழுதுகிறார்கள். முசரவாக்கத்தில் இருந்துகொண்டே எனக்கு அந்நியமாகிக்கொண்டிருந்தான் அவன். நான் என்ன சாப்பிட்டேன் என்று காட்டினால் ஓடிப்போவான்.

பட்டம் வாங்கினேன். அதே இடத்தில் ஒப்பந்த வேலையும் கிடைத்தது. ஒப்பந்தம் முடியும், நீட்டுவார்கள், மறுபடி முடியும். ஒவ்வொரு முறையும் என் தங்கும் அனுமதியும் அதே தேதியில் முடியும். ஆராய்ச்சியாளரை இப்படித் தற்காலிகமாகவே எவ்வளவு காலமும் வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. ஒரு கட்டத்தில் நிரந்தரமாக்க வேண்டும், அல்லது அனுப்ப வேண்டும். போன வசந்தத்தில் எனக்கு அந்தக் கட்டம் வந்தது.

குழுத் தலைவி ஹைக்கே என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்க மாட்டார்.

"உன் வேலையில் குறை இல்லை. ஆனால் நிரந்தர இடம் என்றால் களப்பணியை நீ நடத்த வேண்டும். படகில் நீ சொல்ல, மற்றவர்கள் செய்ய வேண்டும். நீ பேசுவதே இல்லையே?"

எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பேசுவார்கள் அல்லவா, என் முறை வந்தால் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். யோசித்தேன். "தயார்" என்கிறேன். வேலை திட்டப்படி நடக்கிறது, நான் தயார். மற்றவர்கள் தங்கள் சந்தேகம், கோபம், சனிக்கிழமை மீன்பிடித்த கதைவரை சொல்வார்கள். நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் துடுப்பைப் பிடித்திருப்பவள் மாதிரி நேராக உட்கார்ந்திருப்பேன். அது மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தலைவி பேசட்டும், நாங்கள் இழுப்போம். அவர்களுக்கு அது, இந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அல்லது எங்களைப் பிடிக்கவில்லை என்று பட்டிருக்கிறது.

ஹைக்கே குரலை மென்மையாக்கிக்கொண்டு, "உங்கள் ஊரில் பெண்கள் பேசுவதற்கு அவ்வளவாக இடமில்லையோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "முசரவாக்கத்தில் தண்ணீர் லாரி வரும்போது நீங்கள் வந்து குடத்தோடு நிற்க வேண்டும்," என்றேன். "என் அம்மா பேசும்போது லாரி டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்."

என் ஆட்கள் ஒரு காலத்தில் பெரிய வீட்டு வாசல்களில் வாய் திறக்காமல் நின்றார்கள், உண்மை. அந்த மௌனம் வேறு, அதை அம்மா என் காலத்துக்கு முன்பே உடைத்துவிட்டாள். என்னுடையது பயிற்சியில் வந்தது. ஆனால் அதை ஹைக்கேவுக்கு விளக்க, நிறையப் பேச வேண்டும். நான் பேசவில்லை. "சரி," என்று எழுந்து வந்துவிட்டேன்.

இலையுதிர்காலத்துக் களப்பணியை நான் நடத்தட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு என்றார்கள்.

5

நசீமாவை அழைத்தேன். அரக்கோணத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து அவள் இப்போது ஊரையே அதட்டிக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளை. வாயில் எதையோ மென்றுகொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"அரே, அப்ப இத்தன வருஷமா அங்க 'த்ரீ'ன்னு சொல்லிக்கினு ஒக்காந்திருந்தியா?"

"சிரிக்காதடி. வேல போயிடும்."

"போனா இன்னா? வா. அரக்கோணத்துல என் கவுண்டருக்கு முன்னாடி நின்னு காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் கேளு. தரேன்."

அந்த டிக்கெட்டுதான் என் பயம். ஊருக்குத் திரும்புவதில் அல்ல, திரும்பியபின் வரும் பேச்சில். ரயில்வேயை விட்டுவிட்டு வந்தவள் கடைசியில் எதுவும் இல்லாமல் திரும்பினாள் என்று அம்மாவிடம் நாலு பேர் சொல்வார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நிற்பாள். லாரி டிரைவரை ஓடவைக்கும் அம்மா, எனக்காக வாயடைத்து நிற்பாள்.

நசீமா மெல்லுவதை நிறுத்தினாள்.

"கேளு. நான் வாய தொறந்தா நீ வாய மூடணும், அதான ரூலு? இப்ப நான் இங்க இருக்கறேன். உன் படகுல காக்ஸு யாரு?"

"யாருமில்ல."

"அப்ப ரூலும் இல்லடி, மெண்டல்."

"எனக்கு உன்ன மாதிரி வராது."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா? மூணு விஷயந்தான். நீட்டி பேசாத. பேரச் சொல்லிக் கூப்புடு. பயமா இருந்தா இன்னும் சத்தமா பேசு." பின்னால் யாரோ வரிசையில் கத்தினார்கள். "இருய்யா, சோறு துண்றேன்ல!" என்று அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்தாள்.

6

அக்டோபரில் ஒரு நல்ல வெயில் நாள். ஆய்வகத்தின் மோட்டார்ப் படகில் நான்கு பேர். சுக்கான் பிடிக்கும் யோஹான், கயிறு இறக்கும் இயந்திரத்தில் என் சக ஆய்வாளர் டோபியாஸ், முதல் தடவையாகக் களத்துக்கு வந்திருக்கும் மாணவி மரி, நான்.

கரையில் நின்று எல்லோருக்கும் வேலையைப் பிரித்துச் சொன்னேன். பெயர் சொல்லிச் சொன்னேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. படகு புறப்பட்டதும் பழக்கம் வந்துவிட்டது. நான் பின்புறம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எந்தப் படகில் ஏறினாலும் என் உடம்பு தானாக முதுகை முன்பக்கம் காட்டிக்கொள்ளும்; பேருந்தில்கூட எதிர்த் திசை இருக்கையில்தான் எனக்கு நிம்மதி. மற்ற மூவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடத்துக்கு வந்தோம். எடைக்கல் கட்டிய கயிறு இறங்க ஆரம்பித்தது. டோபியாஸின் கண் திரையில், ஆழம் காட்டும் எண்களில். யோஹான் முன்னால் மிதவையைத் தேடிக்கொண்டிருந்தார். மரி படகின் பின்பகுதியில், சுருள் சுருளாகக் கிடந்த கயிற்றின் பக்கத்தில் நின்று கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

சற்றுத் தொலைவில் பயணிகள் கப்பல் ஒன்று போனது. அதன் அலை எங்களிடம் வருமுன்பே என் உள்ளங்கால்களுக்குத் தெரிந்துவிட்டது. படகு சாய்ந்தது. மரி தடுமாறி ஒரு அடி பின்னால் வைத்தாள். அவள் கால் கயிற்றுச் சுருளின் நடுவில் விழுந்தது.

கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுருள் பிரிய இன்னும் சில வளையங்கள்தான் இருந்தன. பிரிந்தால் கணுக்காலை இறுக்கி அவளை எடைக்கல்லோடு தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அவளுக்கு அது தெரியாது. கையில் கருவியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கணம் நான் காத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால், நசீமாவின் குரலுக்கு. என் உடம்பு முழுக்கக் காதாகி, யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தது.

அப்புறம் ஏரி முழுக்க ஒரு குரல் கேட்டது.

"ஈஸி ஓர்!"

என் குரல்தான். அக்கரை மலைவரை போய்த் திரும்பி வந்தது. ஜெர்மன் சொல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. டோபியாஸின் கை பொத்தானை அறைந்தது. யோஹான் அப்படியே உறைந்தார். கயிறு நின்றது. கடைசி வளையம் மரியின் காலணியைச் சுற்றி, இறுகாமல், தொட்டுக்கொண்டு நின்றது.

"மரி, அசையாதே. டோபியாஸ், பொத்தானிலிருந்து கையை எடுக்காதே. யோஹான், படகை அலைக்கு நேரே திருப்புங்கள்." இப்போது ஜெர்மன் வந்தது. நானே போய்க் குனிந்து, கயிற்றைத் தளர்த்தி, அவள் காலை எடுத்து வெளியே வைத்தேன். அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். முகம் வெளுத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

டோபியாஸ்தான் முதலில் பேசினார். "இத்தனை வருடம் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாய்?"

"அரக்கோணத்தில்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

அன்று வேலையை நாங்கள் முடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தோம். ஆனால் மறுபடி கயிற்றை இறக்குமுன் ஒரு விதி வைத்தேன். இயந்திரம் ஓடுவதற்கு முன் படகில் உள்ள ஒவ்வொருவரும் தன் காலடியைப் பார்த்துவிட்டு, தன் எண்ணைச் சொல்ல வேண்டும். யோஹான் ஒன்று, டோபியாஸ் இரண்டு, நான் மூன்று, மரி நான்கு. ஒருவர் சொல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடாது. யோஹானுக்கு முதலில் கூச்சம். "ராணுவத்தில்கூட இவ்வளவு கத்தவில்லை," என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்த முறை எல்லோரையும்விடச் சத்தமாக, "ஒன்று!" என்றார்.

7

திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் முறை வந்தபோது நான் "தயார்" என்று சொல்லவில்லை. படகில் நடந்ததைச் சொன்னேன். கயிற்றுச் சுருளை வைக்கும் இடம் தவறு என்று வந்த புதிதிலேயே எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நால்வர் படகு என்றால் என்ன, காக்ஸ் என்றால் யார், நான் ஏன் இத்தனை நாள் ஒரு சொல்லோடு நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். காபி ஆறிவிட்டது. ஹைக்கே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தண்ணீர் லாரி என்று அன்று சொன்னாயே, இப்போது புரிகிறது," என்றார்.

குளிர்காலம் தொடங்குமுன் அவரே என் மேசைக்கு வந்து சொன்னார். இடம் உனக்குத்தான், நிரந்தரமாக. நான் நன்றி சொன்னேன், அவர் போனார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தைத் துண்டில் புதைத்து, முதுகு குலுங்க மூச்சு விட்டேன். ரொம்ப நாளாக இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. இன்றைக்கு அந்தப் பெஞ்சில் வந்தது அதன் மிச்சம்தான்.

எங்கள் படகில் இப்போது நிறுத்தச் சொல்லும் சொல் 'ஈஸி ஓர்' என்றே ஆகிவிட்டது. மரி அதைப் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வாயில் அது வேறு என்னவோ போலத்தான் ஒலிக்கிறது, ஆனால் சத்தம் சரியாக இருக்கிறது. நசீமாவுக்கு அதைப் பதிவு செய்து அனுப்பினேன். "ராயல்டி அனுப்பு," என்று பதில் வந்தது.

அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். விரல் பதிந்து, எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே வீடியோவில் அழைத்தேன். அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா, புதிதாகக் கட்டும் குளியலறைச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

"ம்மா, வேல நிரந்தரம் ஆயிடுச்சு."

"நிரந்தரம்னா?"

"இனிமே நீட்டிக் குடுங்கன்னு யாரையும் கேக்க வேணாம். ரிட்டயர் ஆவற வரைக்கும் யாரும் எடுக்க முடியாது."

முறம் நின்றது. "ரயில்வே மாதிரியா?"

"மாதிரிதாம்மா."

"பென்ஷனு?"

"இருக்குது."

"லீவு? ஆடி மாசத்துக்கு வரலாமா?"

"வரலாம்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அடுத்து வருவது அழுகை என்று நினைத்தேன்.

"அடிப்பாவி! இத மொதல்லயே சொல்றதுக்கு உனக்கு இன்னாடி? ஏழு வருஷமா நான் கோயிலு கோயிலா வெளக்கு போட்டுக்கினு இருக்கறேன், பொண்ணுக்கு ஒரு நெலயான வேல இல்லியேன்னு. நீ பாட்டுக்கு வாய மூடிக்கினு இருந்திருக்கியே!"

"இல்லம்மா, மொதல்ல இல்ல, இப்பத்தான்..."

அவள் காதில் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏங்க! பொண்ணுக்குக் கவர்மெண்டு உத்தியோகமாம்! ஜெர்மன் கவர்மெண்டு!"

"ஏரிக்கு மட்டம் பாக்கறதுக்கா?" அப்பாவின் குரல் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஆமா! பென்ஷனோட!"

அது அரசாங்க வேலை என்று சொல்லிவிட முடியாது, அறக்கட்டளை, மானியம், அது இது என்று விளக்க வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா படலுக்கு மேல் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அம்மா அவளுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ரயில்வேயைவிடப் பெரிசாம், விமானத்துல போய்ச் செய்யற வேலயாம்.

வாயை மூடிக்கொண்டேன். படகில் ஒருவர்தான் பேச வேண்டும்.